ஆறு கட்டையிலிருந்து நாலு கட்டைக்கு

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு புண்ணியவான் என் பழைய படத்தைப் போட்டிருந்தார். பட்டுப் பாவாடை, சட்டை, இரட்டைச் சடை, இரண்டிலும் சிவப்பு ரிப்பன், நெற்றி நிறையத் திருநீறு, முன்னால் மைக். கீழே நீங்கள் எழுதியதையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்தேன். 'என்ன குரல்! தெய்வக் குழந்தை!' என்று ஒருத்தி. 'நல்லாப் போய்க்கிட்டு இருந்த பிள்ளை, ஏதோ பிரெஞ்சு டிஸ்கோ கேசட்டைக் கேட்டுக் கெட்டுப்போச்சு' என்று ஒருவர். அதற்கு ஏழெட்டுப் பேர் கைகூப்பும் படம் போட்டிருக்கிறீர்கள். எதைக் கும்பிட்டீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, எல்லாரும் ஐம்பதை நெருங்கிவிட்டோம். இனி யாருக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது? நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அந்தப் படத்தில் நிற்கும் தெய்வக் குழந்தைக்கு வயது பதினாலு.

சேரன்மகாதேவியில் எங்கள் குடும்பத்துக்குத் தாத்தா காலம்வரை ஆற்றுப் பாசனத்தில் நிலம் இருந்தது. தொண்ணூறுகளில் மிச்சமிருந்தவை ஒழுகும் பெரிய வீடும், கோயிலில் ஆனித் திருவிழாவின் ஆறாம் நாள் மண்டகப்படியும்தான். அன்றைக்குச் சாமிக்கு அலங்காரம், பிரசாதம், சாயங்காலப் பாட்டு மூன்றும் எங்கள் பொறுப்பு. ஒரு காலத்தில் பெரிய பெரிய வித்துவான்களைக் கூட்டிவந்து பாட வைத்தார்களாம். அப்பா தாலுகா ஆபீஸ் கிளார்க். அவரால் அது முடியாது. அதனால் ஏழு வயதில் என்னைத் தூக்கி மேடையில் உட்கார வைத்தார். பதிகம் பாடினேன். கூட்டம் சொக்கிப்போயிற்று. வித்துவான் வராத குறையை யாரும் அதற்குப் பிறகு பேசவில்லை.

பத்து வயதுக்குள் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, பாளையங்கோட்டை என்று அழைப்பு வந்துகொண்டே இருந்தது. 'பத்தே வயதான பாப்பா' என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அடுத்த வருடமும் பத்தே வயதான பாப்பா. அதற்கடுத்த வருடமும் அதேதான். நான் வேறு ஒல்லிக்குச்சி, வளர்த்தி கம்மி. வெளியூர்க்காரர்கள் நம்பினார்கள். நீங்கள் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். உங்களுக்கு என் வயது தெரியும். நீங்களும்தான் வாயைத் திறக்கவில்லை.

பன்னிரண்டரை வயதில் நான் பெரியவளானேன். நம் ஊரில் அது என்ன மாதிரிச் செய்தி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாய்மாமனுக்கு ஆள் போகும், பச்சை ஓலையில் குச்சு கட்டுவார்கள், புட்டும் உளுந்தங்களியும் கிண்டித் தெருவுக்கே கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா கொல்லைப்புறக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அப்பா நெடுநேரம் முற்றத்தில் நடந்தார்.

"இப்ப வெளிய சொல்லாண்டாம்," என்றார். "ஆனித் திருவிழா முடியட்டும்."

"எங்க அண்ணனுக்காவது ஒரு வார்த்தை சொல்லணும்லா? தாய்மாமன்."

"அவனுக்குச் சொன்னா திசையன்விளைக்கே சொன்ன மாதிரி. பைய சொல்லுவோம். பிள்ளை எங்கன ஓடிப்போயிரப் போகுது?"

ஆனித் திருவிழா முடிந்தது. நவராத்திரி முடியட்டும் என்றார். மார்கழி முடியட்டும் என்றார். தைப்பூசம் வந்தது. திசையன்விளையில் பாத்திரக்கடை வைத்திருந்த மாமா அந்தப் பொங்கலுக்கு எனக்குக் கண் மூடித் திறக்கும் பொம்மை ஒன்று வாங்கி வந்தார். அம்மா அதை வாங்கி அலமாரியில் வைத்தபோது அவள் முகம் இருந்த இருப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. மாதத்தின் அந்த மூன்று நாளில் கோயிலில் ஏதாவது நிகழ்ச்சி விழுந்துவிட்டால் அப்பா ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். 'பாப்பாவுக்குத் தொண்டை கட்டிருக்கு.' மூன்று நாளும் தொண்டையில் துணியைச் சுற்றிக்கொண்டு நான் பின்கட்டில் கிடப்பேன்.

சடங்கு வேண்டுமா வேண்டாமா என்பது வேறு பேச்சு. என் மகளுக்கு நான் செய்யவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு நடந்ததை ஒரு திருட்டுச் சாமானைப்போல ஒளித்து வைத்தார்கள் பாருங்கள், அதற்கு எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

மறைக்க முடியாத ஒன்று இருந்தது. குரல். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், கட்டை கூடக் கூடக் குரல் மேலே ஏற வேண்டும். குழந்தையாக இருந்தபோது ஆறு கட்டையில் விளையாட்டாகப் பாடுவேன். பெரியவளான பிறகு குரல் தானாக இறங்கிவிட்டது. அப்பாவோ சுருதிப் பெட்டியின் குமிழை ஆறிலிருந்து நகர்த்த விடவில்லை. எட்டிப் பிடிக்கப் பிடிக்கத் தொண்டை ரணமாயிற்று. மிளகு, சித்தரத்தை, பனங்கற்கண்டு எல்லாம் ஆயிற்று. ஒரு நாள் காலையில் வாய் கொப்பளித்த தண்ணீரில் சிவப்பாக இழை ஓடியது. அம்மாவிடம் மட்டும் காட்டினேன்.

பாட்டு வாத்தியாருக்கு எல்லாம் தெரியும். கோயிலில் ஓதுவாராக இருந்தவர், அவர் காதை யாரால் ஏமாற்ற முடியும்?

"பிள்ளைக்குச் சாரீரம் மாறியிருக்கு. நாலு, நாலரைக்கு இறக்கிப் பாக்கலாம்," என்று அப்பாவிடம் சொன்னார்.

"இறக்குனா பெரிய பொம்பள பாடுத மாதிரில்லா இருக்கும்?" என்றார் அப்பா. "பாப்பான்னு நினைச்சுதான் வே கூட்டம் வருது."

வாத்தியார் தாளத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவரும் நல்ல மனிதர்தான். என் தொண்டைக்காக அதற்கு மேல் ஒரு வார்த்தை செலவழிக்கவில்லை.

அந்தக் கோடையில் பாண்டிச்சேரி அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. அவள் வீட்டு மாமாவுக்குப் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை என்பதால் பன்னிரண்டு வருடம் பிரான்சில் இருந்துவிட்டு வந்தவள். அவள் பெட்டியைத் திறந்தால் வீடு முழுக்கச் சோப்பு வாசனை அடிக்கும். எனக்காக ஒரு கேசட் கொண்டுவந்திருந்தாள். அட்டையில் நெற்றியில் முடி வெட்டி விட்ட ஒரு பெண், வெள்ளைக் காலர், கையில் ஸ்கிப்பிங் கயிறு.

"இந்தப் பிள்ளையும் உன்ன மாதிரிதான் ட்டி, மருமவளே," என்றாள். "பதினாறு வயசுல பாட வந்தா. நாடே அவளப் பாப்பா பாப்பான்னு தலையில தூக்கி வச்சுக் கொண்டாடிச்சு."

டேப்ரிக்கார்டரில் போட்டோம். மெல்லிசாக, உச்சியில், மணிபோல் ஒரு குரல். அப்பா வேலைக்குக் கிளம்பியவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பாஷை தெரியாட்டி என்ன? கேட்டாலே தெரியுதுல்லா. என்ன அடக்கம்! என்ன பக்தி!" என்றார்.

அத்தை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அண்ணனைத் திருத்தும் பழக்கம் எங்கள் வீட்டில் தங்கைகளுக்குக் கிடையாது. மறுநாள் முதல் காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றியதும் அப்பா அந்தக் கேசட்டைத்தான் போட்டார். ஒன்றரை மாதம் எங்கள் வீட்டில் பிரெஞ்சுப் பாட்டோடு விபூதி பூசிக்கொண்டோம். இப்போது என் மகள் அந்தப் பாட்டைப் போனில் தேடிப் பிடித்து அர்த்தம் சொன்னாள். கடற்கரையில் பார்த்த பையன் கடிதம் போடுவானா மாட்டானா என்று ஒரு பெண் தபால்காரருக்காக வாசலில் காத்திருக்கிறாளாம். அவன் எப்படிச் சொல்கிறானோ அப்படியே நடந்துகொள்வாளாம். பாட்டை எழுதியவர் நாற்பது தாண்டிய ஒரு மனுஷன்.

நான் சொல்ல வந்தது இரண்டாவது கேசட்டைப் பற்றி. அத்தையின் பெட்டி அடியில் அது கிடந்தது. அத்தை வீட்டு மாமாவினுடையது, தவறி வந்துவிட்டது. அட்டையில் ஜிகினாச் சட்டை போட்ட ஒரு பெண். சுருட்டை முடி தோள்வரை அகலமாக நின்றது. வாயைத் திறந்து பாடுகிறாள், கண் நேரே நம்மைப் பார்க்கிறது. எங்கேயோ பார்த்த மூக்கு. முதல் அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவளேதான்.

"அத கேக்காத ட்டி," என்றாள் அத்தை. "நல்லாத்தான் பாடிக்கிட்டு இருந்தா. முப்பது வயசுல என்ன வந்துச்சோ, டிஸ்கோ பாடப் போயிட்டா. எனக்குப் பிடிக்காது."

"முப்பது வயசுலயும் ஸ்கிப்பிங் கயித்தப் பிடிச்சுக்கிட்டே நிக்கணுமாக்கும்?"

"வாயப் பாரு! அங்கன எல்லாரும்தான் திட்டுனாங்க. பேப்பர்ல கிழிகிழின்னு கிழிச்சாங்க."

"பெறகு?"

"பெறகென்ன, திட்டிக்கிட்டே ஆடுனாங்க," என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் எல்லாரும் படுத்துவிட்ட நேரத்தில் அதைப் போட்டேன். ஒலியை ஆகக் குறைத்துவைத்து, டேப்ரிக்கார்டரோடு காதை ஒட்டிக்கொண்டேன். முதலில் டம், டம், டம், டம் என்று நாலு சம அடி. எங்கள் தாளக்கணக்கில் வருகிற வளைவு நெளிவு எதுவும் இல்லை, நாலும் ஒரே கனம். அப்புறம் குரல் வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நீங்கள் நினைக்கிற மாதிரி ஆட்டத்துக்காக இல்லை. குரல் கீழே இருந்தது. அதே பெண், அதே மூக்கு, ஆனால் குரல் இரண்டு கட்டை இறங்கி, அகலமாக, எந்த அவசரமும் இல்லாமல் இருந்தது. அவளை யாரும் மறுபடி மேலே ஏறு என்று விரட்டவில்லை.

கூடவே முணுமுணுத்துப் பார்த்தேன். வலிக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக என் தொண்டை எனக்கு வலிக்கவில்லை. முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு ஆற்றுக்குத் துணி துவைக்க அம்மாவோடு போகிறபோதெல்லாம் அந்தக் குரலில் பாடிப் பார்த்தேன். தாமிரபரணியில் கோடைத் தண்ணீர் முழங்காலளவுதான் ஓடும். கல்மண்டபத்துப் பக்கம் நின்று பாடினால் குரல் தூணில் பட்டுத் திரும்பி வரும். பிரெஞ்சு வார்த்தை தெரியாது, அதனால் எனக்குத் தெரிந்த பதிகத்தையே அந்த நாலு அடியில் வைத்துப் பாடினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அம்மா துவைக்கிற கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது யாரு குரல் ட்டி?" என்றாள்.

"என்னோடதும்மா."

"நல்லா இருக்கு." துணியைப் புரட்டிப் போட்டபடி, "எங்க அம்மைக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு," என்றாள். சேலையைப் பிழிந்து என் தோளில் போட்டாள்.

ஒரு நாள் துணிந்து அப்பாவிடமே சொன்னேன். "அப்பா, ஆறு கட்டை எனக்கு எட்டல."

"எட்டும். முயற்சி பண்ணு."

"ரத்தம் வருதுப்பா."

அப்பா பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். பயந்துவிட்டார் என்று இப்போது தெரிகிறது. தொண்டைக்காகப் பயந்தாரா, மண்டகப்படிக்காகப் பயந்தாரா என்று மட்டும் இன்றைக்கும் தெரியவில்லை. "இந்த ஒரு ஆனியோட போதும்மா. அடுத்த வருசம் பாப்போம்," என்றார். போன வருடமும் இதையேதான் சொன்னார்.

ஆறாம் நாள் சாயங்காலம். கோயில் முன்மண்டபத்தில் மேடை. எனக்கு அதே பட்டுப் பாவாடை, இடுப்பில் பிரித்துத் தைத்தது. அம்மா ரிப்பன் கட்டிவிட்டாள். வலப்பக்கம் பாட்டு வாத்தியார், இடப்பக்கம் மிருதங்கக்காரர். அவர் அம்மன் கொடை விழாக்களில் மெல்லிசைக் குழுவுக்கும் வாசிக்கிறவர் என்று ஊருக்கே தெரியும். எனக்குப் பின்னால் சுருதிப் பெட்டி. அப்பா வந்து குமிழை ஆறில் வைத்து, அதை ஒரு மைக்கின் முன்னால் தள்ளிவிட்டு, முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் மற்ற நாள் மண்டகப்படிகளின் கட்டளைக்காரர்கள், ஆபீஸ்காரர்கள், திசையன்விளை மாமா. பெண்கள் இடப்புறம். ஆகக் கடைசியில், வயல் வேலை முடிந்து சேறு கழுவிவிட்டு அப்படியே வந்த பெண்கள்.

'பத்தே வயதான பாப்பா' என்று அறிவித்தார்கள். கை தட்டினார்கள்.

முதல் பாட்டைத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் மேலே போக வேண்டிய இடத்தில் குரல் கிழிந்தது. தண்ணீர் குடித்தேன். மறுபடி போனேன். மறுபடி கிழிந்தது. கூட்டத்தில் 'ச்சோ' என்று ஒரு பரிதாபச் சத்தம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னைப் பார்த்து எதற்கு ச்சோ? எனக்கு என்ன குறை?

திரும்பினேன். குமிழைப் பிடித்துத் திருகினேன். பெட்டி மைக் முன்னால் இருந்ததால் சுருதி இறங்குவதை ஊரே கேட்டது. ஆறு, ஐந்தரை, ஐந்து, நாலரை. நாலில் நிறுத்தினேன். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் தடுக்கவில்லை.

அப்பா எழுந்துவிட்டார். அறிவிப்பாளரிடமிருந்து மைக்கை வாங்கினார். "பெரியவங்க மன்னிக்கணும். பாப்பாவுக்குத் தொண்டை கட்டிருக்கு. அதனால..."

"தொண்டை கட்டல," என்றேன்.

என் மைக்கும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அந்தக் குரல் மண்டபம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. கீழ்க்குரல். எனக்கே புதிதாக இருந்தது.

"எனக்குத் தொண்டை கட்டல. எனக்குப் பதினாலு வயசு. நான் பெரியவளாயி ஒன்றரை வருசம் ஆச்சு."

மாமா இருந்த இடத்தில் பாதி எழுந்து பெண்கள் பக்கம் தன் தங்கையைத் தேடினார். அப்பா கையில் மைக்கோடு அப்படியே நின்றார். இதோடு எல்லாம் முடிந்தது, இறங்கிப் போய்விட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்போது ஒரு குலவைச் சத்தம் கேட்டது.

எங்கள் வீட்டுப் பெண்கள் குலவை போட்டு நான் கேட்டதில்லை. அது வயலில் நடுகை நடும்போதும் அம்மன் கொடையிலும் மற்றவர்கள் போடுவது, நமக்கு ஆகாது என்பார்கள். பழக்கமில்லாத நாக்கு, அதனால் முதலில் தடுக்கித் தடுக்கி வந்தது. போட்டது அம்மா. பெண்கள் வரிசை நடுவில் எழுந்து நின்று, வாயருகே கையை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஒழுக ஒழுகப் போட்டாள். ஒரு கணம்தான் தனியாக இருந்தது. கடைசியில் இருந்த வயல்காட்டுப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து அதைத் தாங்கிப் பிடித்தார்கள். மண்டபத்துக் கூரையில் அடைந்திருந்த புறாவெல்லாம் பறந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்பா ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டாவது கேசட்டின் நாடாவை உருவி அடுப்பில் போட்டார். முதல் கேசட்டைப் பத்திரமாக வைத்திருந்தார், அதுதான் வேடிக்கை. அத்தை தன்னால்தான் எல்லாம் என்று தலையில் அடித்துக்கொண்டு ஊருக்குப் போனாள். திசையன்விளை மாமா மறுவாரமே தாவணியோடு வந்தார். கோயில்களிலிருந்து அழைப்பு நின்றது. மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன், ஆட்டப் பாட்டுப் பாடினேன், கெட்டுப்போய்விட்டாள் என்று நீங்கள் பேசிக்கொண்டீர்கள். பேசிக்கொண்டே வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டீர்கள். நாற்பத்தாறு வயதில் இன்னும் பாடுகிறேன். ஆறு கட்டையிலேயே இருந்திருந்தால் பதினைந்து வயதில் ஊமையாகியிருப்பேன், அப்போது உங்களுக்குத் தெய்வக் குழந்தை மிஞ்சியிருக்கும்.

ஆனால் அன்று சாயங்காலம் நான் பாதியில் இறங்கி ஓடிவிட்டதாக இந்த ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். குலவை அடங்கியதும் மிருதங்கக்காரர் என் பக்கம் சாய்ந்து, "என்ன நடையில வாரிய?" என்றார். இதுவரை என்னை 'வாரே' என்று ஒருமையில் பேசியவர். தொடையில் நாலு சம அடி தட்டிக் காட்டினேன். அவர் பல் தெரியச் சிரித்துவிட்டு எடுத்தார்.

ஒரு பதிகத்துக்குப் பதினோரு பாட்டு. அந்த ஒன்றரை வருடமும் ஆறாவதிலோ ஏழாவதிலோ நிறுத்திவிடுவேன், அதற்கு மேல் தொண்டை தாங்காது. அன்று வரிசையாகப் பாடிக்கொண்டே போனேன். அப்பா நாலாவது பாட்டில் மைக்கைக் கொடுத்துவிட்டு வெளியே போனார். பத்தாவதில் திரும்பி வந்து ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. பதினோராவது பாட்டை அவர் முகத்தைப் பார்த்துத்தான் பாடினேன். குரலை ஒரு நூல்கூட ஏற்றவில்லை.